பழைய மோட்டோடர்போ மொபைல் ரேடியோ: ஃபர்ம்வேர் மாற்றுவதும் நிரல் எழுதுவதும் – முழுமையான வழிகாட்டி

பழைய மோட்டோடர்போ, அதாவது மோட்டோரோலாவின் டிஜிட்டல் இருவழி வாகன ரேடியோ, கைக்கு வந்ததும் பெரும்பாலோர் முதலில் தேடுவது புது ஃபர்ம்வேர். அது தலைகீழ் வரிசை. கோட்பிளக்கை, அதாவது நம் அமைப்புகள் அடங்கிய கோப்பை, நூறு முறை எழுதினாலும் பழைய நிலைக்குத் திரும்பலாம், பிரதி எடுத்து வைத்திருந்தால். ஃபர்ம்வேர் அப்படியல்ல. நிறுவனத்தின் மென்பொருள் அதை மேல்நோக்கித்தான் ஏற்றும், கீழே இறக்காது. அதனால் இங்கே ஃபர்ம்வேர் பின்னால்தான் வரும், அதுவும் தேவை இருந்தால் மட்டும்.

உள்ளே என்னென்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும். அடியில் பூட்லோடர், ரேடியோ உயிர் பெறுவதும், புது ஃபர்ம்வேரை வாங்கிக்கொள்வதும் அதன் வேலை. அதன் மேல் ஃபர்ம்வேர், அதாவது ரேடியோவை இயக்கும் மென்பொருள். அடுத்தது கோட்பிளக்: சேனல், அலைவரிசை, பொத்தான்களின் வேலை, ரேடியோ ஐடி ஆகிய நம் அமைப்புகள் எல்லாம் அதில்தான். நான்காவது டியூனிங் தரவு. தொழிற்சாலையில் அந்த ஒரு ரேடியோவுக்கென்று அளந்து எழுதிய எண்கள் அவை. நிரல் எழுதும் மென்பொருளான சிபிஎஸ் இந்த நான்காவதைத் தொடாது. அதற்கு டியூனர் என்று தனி மென்பொருள் உண்டு. கோட்பிளக் கெட்டால் திரும்ப எழுதிக்கொள்ளலாம். டியூனிங் எண்கள் போனால் அளவிடும் கருவிகள் உள்ள பணிமனைக்குத்தான் போக வேண்டும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது

ஒரே வடிவமைப்பு உலகின் வெவ்வேறு பகுதிகளில் வெவ்வேறு பெயரில் விற்கப்பட்டது. வட அமெரிக்காவில் எக்ஸ்பிஆர் 4550, ஐரோப்பாவில் டிஎம் 3601, ஆசியாவில் எக்ஸ்ஐஆர் எம்8268: இவை முதல் தலைமுறை. எக்ஸ்பிஆர் 5550, டிஎம் 4601, எக்ஸ்ஐஆர் எம்8668 இரண்டாம் தலைமுறை. அதற்கும் பிறகு வந்தவற்றின் பெயர் இறுதியில், இடத்தைப் பொறுத்து, 'இ' அல்லது 'ஐ' எழுத்து சேர்ந்திருக்கும். எந்தத் தலைமுறை என்பதை வாங்குமுன் உறுதி செய்யுங்கள். எந்த மென்பொருள் வேண்டும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது.

பெயரைவிட நம்பத்தக்கது உடலில் ஒட்டியிருக்கும் மாடல் எண். முதல் இரண்டு எழுத்துகள் விற்ற பகுதியைக் காட்டும்: 'ஏஏ' என்றால் வட அமெரிக்கா, 'எம்டி' (MD) ஐரோப்பா, 'ஏஇசட்' ஆசியா, 'எல்ஏ' லத்தீன் அமெரிக்கா. மூன்றாவதாக வரும் 'எம்' மொபைலுக்கு. பிறகு இரண்டு இலக்கம். ஆறாவது இடத்தில் இருக்கும் எழுத்துதான் முக்கியம், அலைவரிசைப் பட்டை அதில் இருக்கிறது. 'ஜே' என்றால் 136–174 மெகாஹெர்ட்ஸ். 'க்யூ' என்றால் 403–470. 'டி' (T) என்றால் 450-இல் தொடங்கும் மேல் பட்டை. ஏழாவது எழுத்து திறன்: 'என்' என்றால் 1–25 வாட், 'பி' (P) யூஹெச்எஃப்பில் (403-இலிருந்து மேலே உள்ள பட்டைகளில்) 25–40 வாட், 'க்யூ' விஹெச்எஃப்பில் (136–174 பட்டையில்) 25–45 வாட்.

இந்தியாவில் ஹாம்களுக்கு (உரிமம் பெற்ற அமெச்சூர் ரேடியோக்காரர்களுக்கு) ஒதுக்கப்பட்ட பட்டைகளில் இங்கே பொருந்துபவை 144–146, 434–438 மெகாஹெர்ட்ஸ். ஆறாவது எழுத்து 'ஜே' உள்ள ரேடியோ முதலாவதை முழுக்கத் தொடும், 'க்யூ' உள்ளது இரண்டாவதை. இரண்டிலும் எந்தத் தில்லுமுல்லும் வேண்டியதில்லை. மலிவாகக் கிடைக்கிறதே என்று 450-க்கு மேற்பட்ட பட்டை ரேடியோவை வாங்கிவிட்டு, கோட்பிளக்கைத் திருத்தி 434-க்கு இழுக்கலாம் என்று யாராவது சொன்னால் காது கொடுக்காதீர்கள். அங்கே தடையாக இருப்பது மென்பொருள் மட்டுமல்ல. ஆசிலேட்டரும் முன்பக்க வடிகட்டிகளும் அந்தப் பட்டைக்கென்றே கட்டப்பட்டவை.

திறனிலும் ஒரு கணக்கு இருக்கிறது. வீட்டில் ஹாட்ஸ்பாட் (ரேடியோவை இணையத்தோடு இணைக்கும் சிறு பெட்டி) வைத்து டிஎம்ஆர் (இந்த ரேடியோக்களின் டிஜிட்டல் முறை) பேச நினைப்பவருக்கு 40 வாட் ரேடியோ தொல்லை. 25 வாட்டுக்குக் கீழே அது இறங்காது. பக்கத்து மேசையில் இருக்கும் ஹாட்ஸ்பாட்டின் காதை அடைத்துவிடும். 1–25 வாட் வகைதான் அங்கே ஏற்றது. காரிலும் தூரத்து ரிப்பீட்டருக்கும் (சிக்னலை வாங்கி மறுபடி பரப்பும் நிலையத்துக்கும்) பெரியது சரி.

விற்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். கோட்பிளக்குக்குக் கடவுச்சொல் இருக்கிறதா? இருந்தால் அதைத் தெரிந்தவரே நீக்கித் தரட்டும்; கடவுச்சொல் தெரியாத ரேடியோவை சிபிஎஸ் படிக்கவே படிக்காது. ரேடியோ முடக்கப்பட்டிருக்கிறதா? இயக்கினால் திரை இருண்டு எந்தப் பொத்தானுக்கும் அசையாமல் கிடந்தால், பழைய உரிமையாளர் காற்றுவழியே அதை முடக்கியிருக்கலாம். திருட்டுப் போனதாகக் கருதிய ரேடியோவுக்குத்தான் பொதுவாக அந்தக் கட்டளை போகும், ஆகவே விலகிவிடுவது நல்லது. மூன்றாவது, மைக்கும் மின்கம்பியும் சேர்ந்து வருகிறதா? தனியாக வாங்கப் போனால் சில சமயம் ரேடியோ விலையில் பாதி அதற்கே போய்விடும்.

உரிமம் இல்லாமல் பரப்பக் கூடாது, அதாவது ரேடியோவிலிருந்து சிக்னல் அனுப்பக் கூடாது, என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பழைய ரேடியோவில் இன்னொரு ஆபத்து உண்டு: அதன் உள்ளே யாரோ ஒருவரின் அலைவரிசைகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. நிரலை மாற்றி முடிக்கும்வரை மைக்கைப் பொருத்தாமலே வைத்திருங்கள்.

மேசையில் வேண்டியவை

மின்சாரம்: 13.8 வோல்ட் சீரான பவர் சப்ளை. இந்த ரேடியோக்கள் 10.8 முதல் 15.6 வோல்ட் வரை வேலை செய்யும். 25 வாட் வகை பரப்பும்போது 11 ஆம்பியர் வரையும், பெரிய வகை 14.5 ஆம்பியர் வரையும் இழுக்கும். 20 ஆம்பியர் சப்ளை இருந்தால் கவலை இல்லை. படிக்கவும் எழுதவும் மட்டும் 3 ஆம்பியர் போதும், பரப்பாத ரேடியோ 2 ஆம்பியரைத் தாண்டாது. பழைய கார் பேட்டரியை நம்பி ஃபர்ம்வேர் ஏற்ற வேண்டாம்.

50 ஓம் டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டி, திறனை வெப்பமாக்கும் சுமை) ஒன்று, குறைந்தது 50 வாட் தாங்குவது. ஆன்டெனா இணைப்பு சில ரேடியோவில் மினி யூஹெச்எஃப், சிலவற்றில் பிஎன்சி, அதற்கேற்ற அடாப்டர். மேசையில் வேலை முடியும்வரை டம்மி லோடு மாட்டியே இருக்கட்டும், தவறி பிடிடி (பேசும் பொத்தான்) அழுத்தினாலும் ஊருக்குக் கேட்காது.

நிரல் கேபிள் இரண்டு வகை. முன்பக்க மைக் துளையில் செருகுவது ஒன்று, பின்பக்கத்து 26 முனை இணைப்பில் செருகுவது இன்னொன்று. இரண்டிலும் கணினிப் பக்கம் யூஎஸ்பி. பழைய ஜிஎம்300 காலத்து ரேடியோக்களுக்குத் தேவைப்பட்ட ரிப் என்னும் இணைப்புப் பெட்டி இவற்றுக்கு வேண்டாம். கேபிளுக்குள் எந்த சில்லும் இல்லை. ரேடியோவே யூஎஸ்பி பேசுகிறது. எனவே வீட்டிலேயே கட்டிக்கொள்ளலாம், ஆனால் முனை வரிசையை அந்த மாடலின் சர்வீஸ் கையேட்டைப் பார்த்துத்தான் கட்ட வேண்டும். பின் இணைப்பில் ஒரு முனை தள்ளிப் போட்டால் 13.8 வோல்ட் நேராக லேப்டாப்பின் யூஎஸ்பிக்குள் போகும். மைக் துளைக்கான கேபிளை விலை கொடுத்து வாங்குவது லாபம்.

கணினி: விண்டோஸ் 7 அல்லது 10 ஓடும் உண்மையான லேப்டாப். மெய்நிகர் இயந்திரத்துக்குள் விண்டோஸ் ஓட்டிப் படிப்பதும் எழுதுவதும் நடக்கும். ஃபர்ம்வேர் ஏற்றும்போதுதான் சிக்கும்: பாதியில் ரேடியோ தன்னை அணைத்து, வேறொரு யூஎஸ்பி கருவியாக மீண்டும் எழும்; மெய்நிகர் இயந்திரம் அதைக் கைவிட்டுவிடும்.

எந்த சிபிஎஸ்

முதல் தலைமுறைக்கு சிபிஎஸ் 16. சிபிஎஸ் 2.0 அவற்றை ஏற்காது. இரண்டாம் தலைமுறைக்கு இரண்டில் ஒன்று, உள்ளே இருக்கும் ஃபர்ம்வேரைப் பொறுத்து: பழைய ஃபர்ம்வேர் என்றால் சிபிஎஸ் 16 படிக்கும், சிபிஎஸ் 16-இன் எல்லையைத் தாண்டிய புதிய ஃபர்ம்வேர் என்றால் 2.0 மட்டுமே. பலரும் தடுக்கி விழும் இடம் இது. சிபிஎஸ் 16 மட்டும் கையில் வைத்திருப்பவர், நண்பரிடம் கொடுத்துப் புது ஃபர்ம்வேர் ஏற்றிக்கொள்கிறார். அன்றோடு அவருடைய சொந்த சிபிஎஸ் அந்த ரேடியோவைத் திறக்காது. பின்னோக்கி வர வழியும் இல்லை.

ரேடியோவின் ஃபர்ம்வேர் பதிப்பைக் கணினி இல்லாமலே பார்க்கலாம். மெனுவில் யுடிலிட்டிஸ், அதற்குள் ரேடியோ இன்ஃபோ, அதில் பதிப்பு எண்கள் இருக்கும். முந்தைய உரிமையாளர் அந்த மெனுவை மறைத்திருந்தால் சிபிஎஸ்ஸில் படித்துத்தான் அறிய முடியும்.

மென்பொருளை மோட்டோரோலா சொல்யூஷன்ஸ் தளத்தில் கணக்குத் தொடங்கியோ, விற்பனையாளர் வழியாகவோ பெறுங்கள். கோப்புப் பகிர்வுத் தளங்களில் கிடைக்கும் பிரதிகளில் வைரஸ் இருப்பது ஒரு ஆபத்து. பாதி அறுந்த ஃபர்ம்வேர் தொகுப்பு அதைவிடப் பெரிய ஆபத்து, ஏனென்றால் அது ஏற்றத் தொடங்கும்வரை நல்ல கோப்பு போலவே தெரியும். வட அமெரிக்கப் பதிப்பில் 25 கிலோஹெர்ட்ஸ் சேனல் அகலம் பூட்டியிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். 2013 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் 150–174, 421–470 மெகாஹெர்ட்ஸ் வணிக உரிமங்களை 12.5 கிலோஹெர்ட்ஸுக்குக் குறுக்கியதன் விளைவு அது. ஹாம்களுக்கு அந்த விதி பொருந்தாது, ஆனாலும் பூட்டைத் திறக்க நிறுவனத்தின் அனுமதிச் சாவி வேண்டும். அகலமான எஃப்எம் ரிப்பீட்டரில் 12.5-இல் பேசினால் உங்கள் குரல் மெலிந்து கேட்கும்; அவர்கள் பேசுவது உங்களுக்கு உரத்த இடங்களில் நொறுங்கும்.

இணைப்பு

முதலில் சிபிஎஸ்ஸை நிறுவுங்கள். கேபிளை அப்புறம் செருகுங்கள். டிரைவர் அதோடுதான் வருகிறது. வரிசை மாறினால் விண்டோஸ் தன் விருப்பத்துக்கு வேறு டிரைவரை ஒட்டிவிடும், பிறகு டிவைஸ் மேனேஜரில் போய் அதை நீக்கிவிட்டு மறுபடி தொடங்க வேண்டியிருக்கும்.

ரேடியோவை இயக்கி, அது முழுதாக எழுந்தபின் கேபிளைச் செருகுங்கள். இந்த ரேடியோ கணினிக்கு ஒரு சீரியல் போர்ட்டாகத் தெரியாது. ஒரு நெட்வொர்க் கார்டாகத் தெரியும். 'எந்த காம் போர்ட்?' என்று தேடுபவர்கள் நாள் முழுக்கத் தேடுவார்கள். ரேடியோவின் முகவரி 192.168.10.1, கணினிக்கு அது தரும் முகவரி 192.168.10.2. கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து 192.168.10.1-க்கு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) கொடுங்கள். பதில் வந்தால் கேபிள், டிரைவர், ரேடியோ மூன்றும் நலம். இனி ஏதாவது தவறினால் குற்றம் சிபிஎஸ் பக்கம்.

பதில் வராவிட்டால் பார்க்க வேண்டியவை இவை. வீட்டு வைஃபை ரௌட்டரும் 192.168.10 என்று தொடங்கும் முகவரிகளையே தருகிறதா? அப்படியானால் கணினி ரேடியோவைத் தேடி ரௌட்டருக்குள் போய்விடும். வைஃபையை அணைத்துவிட்டு முயலுங்கள். அலுவலக லேப்டாப்பின் விபிஎன், ஃபயர்வால் இரண்டும் இதே வேலையைச் செய்யும். ஒரே நேரத்தில் இரண்டு ரேடியோவைச் செருகினால் இரண்டும் ஒரே முகவரியில் வந்து மோதும். முதல் தலைமுறை ரேடியோ சில லேப்டாப்பின் யூஎஸ்பி 3 துளைகளோடு ஒத்துப்போகாமல் விட்டுவிட்டுத் துண்டிக்கும். இடையில் ஒரு பழைய யூஎஸ்பி 2 ஹப் வைத்தால் அடங்கிவிடும். நீல நிறத் துளை மட்டுமே உள்ள கணினிகளில் இதை முதலிலேயே செய்துவிடலாம்.

முதல் வாசிப்பு

சிபிஎஸ்ஸில் ரீட் கொடுங்கள். படித்து முடித்ததும் வேறு எதையும் தொடாமல் கோப்பாகச் சேமியுங்கள். சிபிஎஸ் 16-இல் கோப்பின் பின்னொட்டு 'சிடிபி' (ctb), 2.0-இல் 'சிடிபி2' (ctb2). கோப்பின் பெயரில் வரிசை எண், ஃபர்ம்வேர் பதிப்பு, தேதி மூன்றும் இருக்கட்டும். ஒரு பிரதியைப் பென் டிரைவிலும் வையுங்கள். பத்து ரேடியோவை ஒரே நாளில் திறந்து பத்துக் கோப்புக்கும் 'பழையது 1', 'பழையது 2' என்று பெயர் வைத்தால், ஆறு மாதம் கழித்து அவற்றுக்கு மதிப்பே இல்லை.

டியூனர் மென்பொருள் கிடைத்தால், டியூனிங் எண்களையும் இப்போதே படித்துக் குறித்துக்கொள்ளுங்கள். மாற்ற வேண்டாம், குறித்தால் போதும்.

பழைய கோட்பிளக்கைப் படித்துப் பார்ப்பது வீண் வேலை அல்ல. முந்தைய உரிமையாளர் ரேடியோவை எப்படிக் கட்டிப்போட்டிருந்தார் என்று அதில் தெரியும். சிலவற்றை உடனே அணைக்க வேண்டும். ஏஆர்எஸ் என்னும் தானியங்கிப் பதிவு இயங்கினால், ரேடியோவை இயக்கும்போதோ சேனலை மாற்றும்போதோ அது தானாகப் பரப்பும். யாரும் பிடிடி தொடாமலே சிவப்பு விளக்கு எரிந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். ஜிபிஎஸ் தரவு அனுப்புவதும் அப்படியே. ரிமோட் மானிட்டர் என்ற வசதி, வெளியிலிருந்து வரும் கட்டளைக்கு உங்கள் மைக்கைத் திறந்துவிடும். அதைக் கட்டாயம் மூடுங்கள். ரேடியோவை முடக்கும் கட்டளையை ஏற்பதையும் நிறுத்துங்கள். அவசர பொத்தானின் வேலையை நீக்குங்கள், இல்லாவிட்டால் காரில் முழங்கை பட்டு ரிப்பீட்டர் முழுக்க அபாய ஒலி அடிக்கும். மறையாக்கச் சாவிகளை அழியுங்கள். ஹாம் பட்டையில் மறையாக்கம் அனுமதியில்லை.

பழைய சேனல்களை ஒன்றுவிடாமல் நீக்கிவிடுங்கள். 'கேட்க மட்டும்' என்று வைத்துக்கொள்ளும் ஆசை பலருக்கு வரும். அது பாதுகாப்பு நிறுவனத்தின் சேனலாகவோ விமான நிலையத்தின் சேனலாகவோ இருக்கலாம், கேட்பதற்கும் உங்களுக்கு உரிமை இல்லை.

ஃபர்ம்வேர் வேண்டுமா?

இந்த இடத்தில் நின்று யோசியுங்கள். ரேடியோ படிக்கிறது, எழுதுகிறது. உங்களுக்கு வேண்டியது இரண்டு எஃப்எம் ரிப்பீட்டரும் ஒரு டிஎம்ஆர் டாக்குரூப்பும் (பேச்சுக் குழுவும்) தான் என்றால், ஃபர்ம்வேரைத் தொடாதீர்கள். புது ஃபர்ம்வேர் உணர்திறனைக் கூட்டாது, ஒலியைக் கூட்டாது. ஏற்றுவதற்கு நியாயமான காரணங்கள் இரண்டு: கையில் இருக்கும் சிபிஎஸ் இந்தப் பழைய பதிப்போடு ஒத்துவரவில்லை, அல்லது வேண்டிய வசதி ஒன்று குறிப்பிட்ட பதிப்புக்குப் பிறகுதான் வந்தது. பத்து ரேடியோவையும் ஒரே பதிப்பில் வைத்துக்கொண்டால் பராமரிப்பு எளிது என்பதை மூன்றாவதாகச் சேர்க்கலாம், பேரிடர்க் காலத் தொடர்புக் குழுக்களுக்கு அது பொருந்தும். விலை கொடுத்து வாங்கிய கூடுதல் வசதிகள் வரிசை எண்ணோடு கட்டப்பட்டவை. ஃபர்ம்வேர் மாற்றினால் அவை வரவும் வராது, போகவும் போகாது.

ஏற்றுவது என்று முடிவு செய்தால்:

1. ஃபர்ம்வேர் தொகுப்போடு வரும் குறிப்பைப் படியுங்கள். எந்த மாடலுக்கு, எந்தப் பகுதிக்கு, எந்தப் பதிப்பிலிருந்து ஏறலாம் என்று அதில் இருக்கும். மிகப் பழைய பதிப்பிலிருந்து நேராகக் கடைசிக்குத் தாவ முடியாவிட்டால், நடுவில் எந்தப் பதிப்பு வேண்டும் என்பதும் அங்கேதான்.

2. தொகுப்பைக் கணினியில் நிறுவுங்கள். இது ரேடியோவில் எதையும் மாற்றாது. சிபிஎஸ்ஸின் அப்டேட் பட்டியலில் புதுப் பதிப்பு தெரிய வைக்கும், அவ்வளவுதான்.

3. லேப்டாப்பைச் சார்ஜரில் போடுங்கள். தூக்க நிலை, திரைப் பூட்டு, விண்டோஸ் அப்டேட் மூன்றையும் நிறுத்துங்கள். யூஎஸ்பி துளைகளுக்கு மின்சிக்கனம் பார்க்கும் அமைப்பையும் அணையுங்கள். மின்வெட்டு வரும் ஊர் என்றால் பவர் சப்ளையை யூபிஎஸ்ஸில் மாட்டுங்கள்.

4. மைக்கும் மற்ற துணைக் கருவிகளும் இல்லாமல், கேபிள் மட்டும். பிங் ஒருமுறை பாருங்கள்.

5. டிவைஸ் மெனுவில் அப்டேட். சிபிஎஸ் தானே ரேடியோவைப் படித்து, ஏற்கத்தக்க பதிப்பைக் காட்டும். தொடங்கியதும் கையை எடுத்துவிடுங்கள்.

சற்று நேரத்தில் ரேடியோ அணைந்து, திரை வெறுமையாகி, கணினியில் யூஎஸ்பி கழன்ற ஒலி கேட்கும். பயந்து கேபிளைப் பிடுங்குபவர்கள் இங்கேதான் ரேடியோவைக் கொல்கிறார்கள். நடப்பது இயல்பானது: பூட்லோடர் பொறுப்பேற்று வேறு கருவியாகக் கணினியிடம் அறிமுகமாகிறது. முதல் முறை என்றால் விண்டோஸ் அதற்கு இன்னொரு டிரைவரை நிறுவும், ஒரு நிமிடம் எதுவும் அசையாதது போல் இருக்கும். பிறகு முன்னேற்றக் கோடு நகரும். முடிய ஐந்து முதல் பத்து நிமிடம். இறுதியில் ரேடியோ தானாக எழும். சிபிஎஸ் 'முடிந்தது' என்று சொல்லி, ரேடியோவின் திரையிலும் சேனல் பெயர் தெரிந்த பிறகே கேபிளைத் தொடுங்கள்.

உடனே மறுபடி ரீட் கொடுத்து, இந்தக் கோட்பிளக்கைத் தனிக் கோப்பாகச் சேமியுங்கள். ஃபர்ம்வேர் மாறும்போது கோட்பிளக்கின் அமைப்பும் மாறியிருக்கும். பழைய கோப்பை இனி நேராக இந்த ரேடியோவில் எழுத முடியாமல் போகலாம். பழையது பார்த்துக் குறித்துக்கொள்ள உதவும்.

பாதியில் நின்றால்

நாலைந்து நிமிடம் கோடு அசையவே இல்லையென்றால் முதலில் பார்க்க வேண்டியது டிவைஸ் மேனேஜர். மஞ்சள் குறியோடு அறியாத கருவி ஒன்று நின்றால், பூட்லோடருக்கான டிரைவர் ஏறவில்லை. ரேடியோ செத்துவிடவில்லை, காத்துக்கொண்டிருக்கிறது. டிரைவரைச் சரி செய்துவிட்டு, சிபிஎஸ்ஸை மூடித் திறந்து, டிவைஸ் மெனுவில் உள்ள ரெக்கவரியைக் கொடுங்கள். பாதியில் நின்ற ரேடியோவுக்கென்றே உள்ள வழி அது. உடலில் ஒட்டியிருக்கும் மாடல் எண், வரிசை எண் இரண்டையும் புகைப்படமாக எடுத்து வைத்திருப்பது இங்கே கைகொடுக்கும். வண்டியில் வெயிலில் கிடந்த ரேடியோக்களில் அந்த லேபிள் மங்கிப் போயிருக்கும், அதனால் படித்த அன்றே குறித்துக்கொள்வது நல்லது.

திரையில் எண்களோடு பிழைச் செய்தி வந்தால் அந்த எண்தான் வழிகாட்டி. 01/81 என்றால் முதன்மை மென்பொருளின் சரிபார்ப்புத் தொகை பொருந்தவில்லை, 02/81 என்றால் டிஎஸ்பி (சிக்னல் செயலி) பகுதியின் மென்பொருள். இரண்டுமே அரைகுறையாக ஏறியதன் அடையாளம். மறுபடி முழுதாக ஏற்றினால் பெரும்பாலும் போய்விடும். 01/88 நினைவகப் பழுது, அதற்கு மென்பொருளில் மருந்து இல்லை.

திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் நின்றால் கணினியை மாற்றுங்கள், கேபிளை மாற்றுங்கள், ஃபர்ம்வேர் தொகுப்பை மறுபடி இறக்குங்கள். இதே வரிசையில். ரேடியோவைத் திறப்பது கடைசி.

புது கோட்பிளக் எழுதுதல்

இணையத்தில் யாரோ போட்ட கோட்பிளக்கை அப்படியே ஏற்றும் பழக்கம் வேண்டாம். மாடல், பட்டை, பகுதி மூன்றும் ஒத்திருந்தாலொழிய சிபிஎஸ் ஏற்காது. ஏற்றாலும் அவருடைய ரேடியோ ஐடியோடு நீங்கள் பேசத் தொடங்குவீர்கள். உங்கள் ரேடியோவிலிருந்து படித்ததையே அடித்தளமாக வைத்து மாற்றுங்கள்.

டிஎம்ஆர் என்றால் முதலில் ரேடியோ ஐடி. ஹாம்களுக்குத் தரப்படுவது ஏழு இலக்க எண். முதல் மூன்று இலக்கம் நாட்டைக் குறிக்கும். இந்தியாவுக்கு 404, இலங்கைக்கு 413, மலேசியாவுக்கு 502, சிங்கப்பூருக்கு 525.

ஒரு டிஜிட்டல் சேனலுக்கு ஆறு விஷயம் பொருந்த வேண்டும்: கேட்கும் அலைவரிசை, பரப்பும் அலைவரிசை, கலர் கோட், டைம் ஸ்லாட், பேச வேண்டிய டாக்குரூப், கேட்க வேண்டிய குழுப் பட்டியல். கலர் கோட் என்பது ரிப்பீட்டரை அடையாளம் காட்டும் எண், 0 முதல் 15 வரை. தவறினால் ரிப்பீட்டர் உங்களைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. டைம் ஸ்லாட் என்பது ஒரே அலைவரிசையை இரண்டு பேச்சுகள் மாறி மாறிப் பகிரும் நேரத் துண்டு, 1 அல்லது 2. புதியவர்கள் அதிகம் மறப்பது கடைசியாகச் சொன்ன குழுப் பட்டியலை. பேசுவதற்கு 404 டாக்குரூப் என்று வைத்திருப்பார்கள், கேட்கும் பட்டியல் வெறுமையாக இருக்கும். விளக்கு எரியும், ஸ்பீக்கர் மௌனம் சாதிக்கும்.

எப்போது பரப்பலாம் என்பதை முடிவு செய்யும் அட்மிட் அமைப்பை ரிப்பீட்டருக்கு 'கலர் கோட் ஃப்ரீ' என்று வையுங்கள், பிறர் பேசும்போது மேலேறிப் பேச முடியாது. ஹாட்ஸ்பாட்டுக்கு 'ஆல்வேஸ்'. தொடர்ந்து பேசும் நேர எல்லையான டைம் அவுட் பல ரேடியோவில் 60 வினாடியில் இருக்கும். நம்மவர்கள் பேசும் நீளத்துக்கு அது போதாது, 180 நியாயம்.

அனலாக் சேனலில் அகலமும் டோனும் (ரிப்பீட்டரைத் திறக்கும் தாழ்ந்த ஒலிக்குறி) தான் கவனம். ரிப்பீட்டருக்குத் தேவையான டோனைப் பரப்பும் பக்கம் போடுங்கள். கேட்கும் பக்கம் டோன் இல்லாமல் தொடங்குங்கள். எல்லாம் கேட்கிறது என்று உறுதியானபின் வேண்டுமானால் சேர்க்கலாம். இரண்டு பக்கமும் முதலிலேயே டோன் போட்டுவிட்டு 'ரிப்பீட்டர் செத்துவிட்டது' என்று புகார் செய்வது வழக்கமான கதை.

திரை உள்ள இந்த மொபைல்களில் ஆயிரம் சேனல் வரை கொள்ளும். ஆயிரத்தையும் நிரப்ப வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கார் ஓட்டிக்கொண்டே திருகக்கூடியது ஒரு சோனில் (சேனல் தொகுதியில்) பத்துப் பன்னிரண்டு சேனல்தான்.

எழுதியபின் சோதனை

டம்மி லோடும் பவர் மீட்டரும் மாட்டி, மைக்கைப் பொருத்துங்கள். ஒவ்வொரு சேனலிலும் பிடிடி அழுத்தி, திரையில் காட்டும் பெயரும் உண்மையில் பரவும் அலைவரிசையும் ஒன்றா என்று இன்னொரு ரேடியோவிலோ கணினியில் செருகும் சிறு ரிசீவரான எஸ்டிஆர் குச்சியிலோ பாருங்கள். ஒருமுறைக்குப் பத்து வினாடி போதும். 40 வாட் ரேடியோ அரை நிமிடம் பரப்பியும் உடல் சூடாகாமல் குளிர்ந்தே இருந்தால் மகிழ வேண்டாம், மீட்டரைப் பாருங்கள். அது பரப்பவே இல்லாமல் இருக்கலாம். இழுக்கும் மின்னோட்டமும் ஒரு சாட்சி. பெரிய வகை முழுத் திறனில் நாலைந்து ஆம்பியர் மட்டும் இழுத்தால் வெளியீட்டுப் பகுதியில் பழுது.

எஸ்டிஆரில் பார்க்கும்போதே அலைவரிசை விலகலையும் குறித்துக்கொள்ளுங்கள். முதலில் எஸ்டிஆரை நம்பகமான ஒரு சிக்னலோடு ஒப்பிட்டுச் சரி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் அதன் பிழையை ரேடியோ மேல் போடுவீர்கள். ஜிபிஎஸ் உள்ள முதல் தலைமுறை ரேடியோவுக்கு அனுமதிக்கப்பட்ட விலகல் பத்து லட்சத்தில் 0.5 பங்கு, ஜிபிஎஸ் இல்லாததற்கு 1.5 பங்கு. 438 மெகாஹெர்ட்ஸில் அது முறையே சுமார் 219 ஹெர்ட்ஸ், 657 ஹெர்ட்ஸ். எஃப்எம்மில் 600 ஹெர்ட்ஸ் விலகலை யாரும் கவனிக்க மாட்டார்கள். டிஎம்ஆரில், அதுவும் தன் பங்குக்கு விலகியிருக்கும் மலிவான ஹாட்ஸ்பாட்டோடு, குரல் குமிழி குமிழியாக உடையும். அப்போது முதலில் திருத்த வேண்டியது ஹாட்ஸ்பாட்டின் ஆஃப்செட்டை (அலைவரிசைத் திருத்த அமைப்பை). அதை மென்பொருளில் ஐம்பது ஐம்பது ஹெர்ட்ஸாக நகர்த்திப் பிழை விகிதம் குறையும் இடத்தில் நிறுத்தலாம். ரேடியோவின் ஆசிலேட்டரை டியூனரில் தொடுவது, இரண்டு மூன்று ரிப்பீட்டர்களிலும் அதே விலகல் தெரிந்து, அளக்க நம்பகமான கருவியும் கையில் இருக்கும்போது மட்டும்.